வேலிகாத்தானை வெட்டுவதா, வேரோடு எடுப்பதா?
விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை, எந்த வண்டிக்கு எந்தக் கருவி என்று விசாரித்தபடி ஒரு நாள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. நான்கு வழிச்சாலையில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த முறை அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கேள்வி-பதில் பகுதிக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள்தான் காரணம். ஊர் பெயர் மட்டும் மாறும். கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். 'எங்கள் கொல்லையில் வேலிகாத்தான் மண்டிவிட்டது. ஹிட்டாச்சி வண்டியின் கை முனையில் பிரஷ் கட்டர் மாட்டி, மரத்தைப் பொடிப்பொடியாக அரைப்பதை வீடியோவில் பார்த்தோம். அதை வைத்துச் சுத்தம் செய்யலாமா? எந்த வண்டிக்கு எந்தக் கட்டர் பொருந்தும்?'

மேசையில் உட்கார்ந்து நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், தப்பான வண்டியை வாடகைக்கு எடுத்தால் வீணாவது ஒரு சின்ன விவசாயியின் ஒரு போக வருமானம். அதனால் நேரில் பார்த்துவிட்டே எழுதலாம் என்று ஆவணிக் கடைசியில், ஏரிகள் வறண்டு வண்டிகள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தெற்கே சீமைக்கருவேலம் என்கிற மரம்தான் இந்தப் பக்கம் வேலிகாத்தான். பேருக்கு வேலியைக் காக்க வந்தது. இன்று வேலிக்கு உள்ளேயும் அதுதான் நிற்கிறது. தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து மரம். 1870-களில் இந்தியாவுக்குள் வந்தது. வண்டி விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. முன்னால் அகலமான வாளியும் பின்னால் தோண்டும் கையும் வைத்து டயரில் ஓடுவது ஜே.சி.பி. இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து, இடுப்புக்கு மேலே முழு வட்டமாகச் சுழல்வது ஹிட்டாச்சி. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நம் ஊரில் இந்த இரண்டு பெயர்தான். பெரியவர்கள் சிலர் இன்னமும் பொக்லைன் என்கிறார்கள். அதுவும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரே. கட்டர் மாட்டுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹிட்டாச்சியைப் பற்றியது.

விக்கிரவாண்டி வாய்க்கால்

முண்டியம்பாக்கம் தாண்டியதுமே வேலை நடக்கும் சத்தம் கேட்டது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில் ஒரு 11 டன் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர்கள் இதை 'ஒன்டென்' என்கிறார்கள். வாய்க்கால் எங்கே, கரை எங்கே என்று தெரியாத அளவுக்கு முள். இந்தப் பகுதிக்கு இது சின்ன விஷயமல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அத்தனை மழைக்கு எந்த வாய்க்காலும் போதாதுதான். ஆனாலும் முள் அடைத்த வாய்க்காலில் வரும் தண்ணீர், போக வழியில்லாமல் முதலில் ஏறுவது பக்கத்துக் கழனியில்தான்.

வண்டி ஓட்டும் தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். டீ வந்த நேரம் இறங்கிவந்தார். பிரஷ் கட்டர் பற்றிக் கேட்டேன்.

"ரோடு வேலைக்கு ஒரு வருஷம் அதுல ஓட்டியிருக்கேன் சார். வெட்டறதுல அது ராஜா. ஒரு நாள்ல இந்த வாய்க்கால் முழுக்க மொட்டையடிச்சிடலாம். ஆனா, மழை பேஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாருங்க. ஒரு மரம் இருந்த இடத்துல நாலு கிளை நிக்கும்."

வேலிகாத்தானின் உயிர், தண்டும் வேரும் சேரும் முடிச்சில் இருக்கிறது. தரைக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அடி ஆழத்துக்குள் இருக்கும் அந்தப் பகுதியிலிருந்துதான் புதுத் தளிர் கிளம்பும். மேலே எவ்வளவு பொடியாக அரைத்தாலும் முடிச்சு இருக்கும் வரை மரம் சாகாது. முடிச்சைப் பெயர்த்துவிட்டால், அதற்குக் கீழே எத்தனை ஆழம் வேர் போயிருந்தாலும் கவலையில்லை. அந்த ஆழத்து வேரிலிருந்து தளிர் வராது. அதனால் 'ஆணிவேரை முழுசா எடுக்கணும்' என்று பத்தடி பள்ளம் தோண்டுவது வீண் செலவு. முடிச்சோடு ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்தால் போதும்.

பிரஷ் கட்டர் என்பது வெட்டும் கருவி. வாளி என்பது பிடுங்கும் கருவி. பயிர் வைக்கப்போகும் நிலத்தில் தேவைப்படுவது பிடுங்கும் கருவி. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி எந்த வண்டி என்பது.

மயிலம் பக்கம் ஒரு கொல்லை

கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்பினால் செஞ்சி சாலை, வலது பக்கம் மயிலம். மலைமேல் முருகன் கோயிலைப் பார்த்தபடி உள்ளே போனேன். இந்தப் பக்கமாக ஓடும் சங்கராபரணி ஆற்றின் குறுக்கேதான் வீடூர் அணை இருக்கிறது. பாசனம் எட்டாத மேட்டுப் பகுதிகளில் கிணற்றை நம்பிய கொல்லைகள். கிணறு தூர்ந்ததும், ஆள் இல்லாததும், பிள்ளைகள் சென்னைக்குப் போனதும் சேர்ந்து, அங்கங்கே முள்காடு.

அப்படி ஒரு இரண்டரை ஏக்கரில் ஏழு டன் வண்டி வேலை செய்துகொண்டிருந்தது. இதற்கு 'செவன்டி' என்று பெயர். நிலத்துக்குச் சொந்தக்கார ஆயா புளியமரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது அல்லவா?

"அவரு போனப்புறம் ஆறு வருஷமா வுட்டுட்டோம் தம்பி. ஏரு ஓட்ட யாரு இருக்கா? இந்த மார்கழிக்காவது மல்லாட்ட போட்டுடணும்னு பையன் பணம் அனுப்பிச்சிருக்கான்" என்றார்.

அவரிடம் இரண்டு பேர் வேறு வேறு விதமாகப் பேசியிருக்கிறார்கள். ஒருவர், 20 டன் வண்டி கொண்டுவந்தால் ஒரே நாளில் முடியும் என்றிருக்கிறார். இன்னொருவர், எங்கேயோ ஒரு கட்டர் இருக்கிறது, அரைத்துத் தள்ளிவிடலாம், விறகு அள்ளும் வேலையும் இல்லை என்றிருக்கிறார். ஆயா இரண்டையும் மறுத்ததற்கு அவர் சொன்ன காரணங்களைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரிய வண்டி வர அவர் பாதையில் இடமில்லை. இரு பக்கமும் அடுத்தவர் வரப்பு. நடுவே மாட்டுவண்டித் தடம் மட்டும்தான். 20 டன் வண்டியின் அகலம் ஒன்பது அடிக்கு மேல். ஏழு டன் வண்டி ஏழரை அடிக்குள் அடங்கும். அடுத்து, விறகு. "அரைச்சிட்டா எனக்கு என்னா மிஞ்சும்? கரிக்காரன் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

கை மணிக்கட்டுக்கு மேல் தடித்த வேலிகாத்தானுக்கு இந்தப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களிடமும் செங்கல் சூளைகளிலும் கிராக்கி உண்டு. விறகை விற்றால் வண்டி வாடகையில் ஒரு பகுதி திரும்பி வரும். கட்டரில் அரைத்தால் அந்தப் பணமும் மண்ணோடு மண். பழைய தோப்பாக இருந்தால், முதலில் விறகுக்காரரை விட்டு மேலே வெட்டி எடுக்கச் சொல்லலாம். அவர் இடுப்பளவு கட்டை விட்டு வெட்ட வேண்டும். தரையோடு வெட்டிவிட்டால் வாளி பிடித்து நெம்புவதற்குப் பிடி கிடைக்காது, வண்டிக்கு நேரம் இரட்டிப்பாகும்.

அந்தக் கொல்லையில் கவனித்த இன்னொன்று. வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆயா தானே நடந்து, கயிறு கட்டிய நான்கு குச்சிகளை நட்டிருந்தார். முள்ளுக்குள் மறைந்திருந்த பழைய கிணற்றின் எல்லை அது. சுற்றுச்சுவர் இடிந்த திறந்தவெளிக் கிணறுகள் நிறைந்த மாவட்டம் இது. ஓட்டுநர் வெளியூர்க்காரர், அவருக்கு எங்கே கிணறு, எங்கே பழைய போர்க்குழி, எங்கே தரைக்கடியில் பைப் என்று தெரியாது. நிலத்துக்காரர்தான் காட்ட வேண்டும். கிணற்று ஓரத்தில் பத்தடிக்காவது வண்டியை விடவே கூடாது. அங்கே உள்ள முள்ளைக் கையால் வெட்டுவதுதான் சரி.

வாளியிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண வாளி வேரோடு மேல்மண்ணையும் அள்ளி ஓரத்தில் குவித்துவிடும். செம்மண் கொல்லையில் நல்ல மண்ணே அரை அடிதான். அதுவும் போய்விட்டால் கீழே சரளை. அதற்குப் பதிலாக வெறும் பற்கள் மட்டும் உள்ள ரேக்கை மாட்டினால், மண் பற்களுக்கு இடையே உதிர்ந்துவிடும், முள்ளும் வேரும் மட்டும் வரும். ரேக் இல்லாவிட்டால், பிடுங்கிய கட்டையை இரண்டு முறை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு மரத்துக்குச் சில நொடிதான் கூடுதல்.

ஜே.சி.பி.யை விட்டே முடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மரம் கொஞ்சமாக, தரை காய்ந்து இருந்தால் முடிக்கலாம். ஆனால், அதன் பின்கையை ஒவ்வொரு முறை பயன்படுத்தவும் ஜாக்கியை இறக்கி ஊன்ற வேண்டும், நகர மறுபடி தூக்க வேண்டும். அடர்ந்த தோப்பில் பாதி நேரம் இதிலேயே போகும். டயருக்கு முள் பயம் வேறு. சங்கிலிப் பட்டைக்கு அந்தக் கவலை இல்லை. ஈர ஏரித் தரையிலும் பட்டை வண்டியின் எடை பரவி இறங்கும். டயர் வண்டி புதையும்.

கல் உடைக்கும் வண்டியிலிருந்து ஒரு பாடம்

மயிலத்திலிருந்து தென்கிழக்கே போனால் திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்கு எல்லோரும் வருகிறார்கள். பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்காவுக்கு வருபவர்கள் குறைவு. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நின்ற மரங்கள். எந்தக் கட்டராலும் வெட்ட முடியாத மரங்களைப் பார்க்க வேண்டுமானால் இங்கே வரலாம்.

நான் போனது சுற்றுவட்டாரக் கல்குவாரி வண்டிகளைப் பார்க்க. இந்த வண்டிகளின் கை முனையில் வாளியைக் கழற்றிவிட்டு 'பிரேக்கர்' மாட்டுகிறார்கள். பாறையைக் குத்தி உடைக்கும் உளி அது. அது ஓட ஆயில் வேண்டும். அதற்காகப் பம்ப்பிலிருந்து கை முனை வரைக்கும் தனியாக இரும்புக் குழாய் இழுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பிரேக்கர் லைன். பிரஷ் கட்டருக்கும் இதே மாதிரி லைன் வேண்டும். வாளி வேலை மட்டும் செய்யும் வண்டியில் இந்த லைன் இருக்காது. ஆகவே 'கட்டர் மாட்டலாமா?' என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, 'உங்க வண்டியில பிரேக்கர் லைன் இருக்கா?' என்பதுதான். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

லைன் இருந்தால் மட்டும் போதாது என்று ஒரு மெக்கானிக் அண்ணன் விளக்கினார். பிரேக்கர் விட்டு விட்டு ஓடும். கட்டர் மணிக்கணக்கில் நிற்காமல் சுழலும். அதனால் ஆயில் சூடேறும். கூலர் பழுதான பழைய வண்டி மதியத்துக்குள் கொதித்துவிடும். இன்னொன்று, பல கட்டர்களின் மோட்டாரில் மெல்லிய மூன்றாவது ஹோஸ் ஒன்று இருக்கும். மோட்டாருக்குள் கசியும் ஆயிலை நேராக டேங்குக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அதை மாட்டாமல் அடைத்துவிட்டால் சீல் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுக்க உங்கள் கொல்லையில் கொட்டும்.

திண்டிவனத்தில் சும்மா கிடந்த கட்டர்

புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். நமக்கு இந்த ஊர், மல்லாட்டையின் ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களைத்தான் டி.எம்.வி. என்கிறோம், டி.எம்.வி. 2 வெளியானது 1940-ல். மயிலத்து ஆயா விதைக்கப்போவதும் இந்த நிலையத்தின் ரகம் ஒன்றைத்தான்.

ஊருக்கு வெளியே ஒரு வாடகை வண்டிக்காரரின் ஷெட்டுக்குப் போனேன். மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பிரஷ் கட்டர் கிடந்தது. வட்டத் தகடு, அதன் விளிம்பில் ஆடும் கத்திகள், மேலே மோட்டார். செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்ததென்று வாங்கியிருக்கிறார். அவரிடம் இருப்பது ஏழு டன் வண்டி. இந்தக் கட்டரோ 14 டன் வண்டிக்குச் செய்தது. மாட்டிப் பார்த்தபோது பக்கவாட்டில் கையை நீட்டியதும் எதிர்ப்பக்கப் பட்டை தரையை விட்டு எழும்பியிருக்கிறது. கத்தியும் மரத்தில் பட்டதும் நின்று நின்று போயிருக்கிறது. "கழட்டி வெச்சது வெச்சதுதாங்க" என்றார். மனுஷர் ஒளிக்காமல் சொன்னதால் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது.

பொருத்தம் பார்க்க வேண்டியது எடை, ஆயில், பின் மூன்றிலும்.

எடைக்கு நாமே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. வண்டி தன் வாளி நிறைய மண்ணை அள்ளிக் கையை நீட்டும்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே, கட்டரின் எடை, வாளி எடையும் அது அள்ளும் மண் எடையும் சேர்ந்ததைத் தாண்டக் கூடாது. ஏழு டன் வண்டியின் வாளி சுமார் 0.3 கனமீட்டர். ஒரு கனமீட்டர் மண் 1,600 கிலோ என்று வைத்தால் மண் 480 கிலோ, வாளி 200 சொச்சம். மொத்தம் ஏறக்குறைய 700 கிலோ. கட்டர் நாள் முழுக்க நீட்டிய கையிலேயே ஆடும் என்பதால், 500 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 20 டன் வண்டிக்கு வாளி 0.9 கனமீட்டர், இதே கணக்கில் இரண்டு டன்னைத் தாண்டும். அதற்கு ஒன்று, ஒன்றேகால் டன் கட்டர் தாராளமாகப் பொருந்தும். மூன்று டன் குட்டி வண்டிக்கு மொத்தமே 200 கிலோ சொச்சம்தான் வரும். அதில் மாட்டும் சின்னக் கட்டர் புல், புதர், கட்டைவிரல் தடிமன் செடிக்குத்தான்.

அடுத்து ஆயில். கட்டரின் தகட்டில் இரண்டு எண் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம். இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும், அதை 1.34-ஆல் பெருக்கினால் எச்.பி. ஷெட்டில் கிடந்த கட்டரில் 100 லிட்டர், 200 பார் என்று இருந்தது. 100 பெருக்கல் 200 வகுத்தல் 600, அதாவது 33 கிலோவாட். எச்.பி.யில் 45. ஏழு டன் வண்டிகளின் என்ஜினே பொதுவாக 50 முதல் 60 எச்.பி.தான். கட்டரே 45-ஐ எடுத்துக்கொண்டால், கையைத் தூக்கவும் வண்டியை நகர்த்தவும் என்ன மிஞ்சும்? கத்தி நின்று நின்று போனதன் காரணம் இதுதான். அதே வண்டிக்கு 60 லிட்டர், 180 பார் கட்டர் என்றால் 24 எச்.பி.தான் வரும், நிம்மதியாக ஓடும்.

இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் ஆபத்து. 60 லிட்டர் கேட்கும் சின்னக் கட்டரை 20 டன் வண்டியில் மாட்டி, ஆயிலைக் குறைக்காமல் முழு அளவில் விட்டால், கத்தி அதற்குச் சொன்ன வேகத்தைப் போல இரண்டு மூன்று மடங்கில் சுழலும். பேரிங் போவதோடு நிற்காது. போல்ட் அறுந்து கத்தி பறந்தால், எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பெரிய வண்டியாக இருந்தால் எதையும் மாட்டலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

மூன்றாவது பின். வாளியைக் கையோடு கோக்கும் இரும்புத் தண்டு. ஏழு டன் வண்டியில் 45, 50 மில்லிமீட்டர் இருக்கும். 20 டன்னில் 80-ஐ ஒட்டி. ஒரே எடை வண்டிகளிலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், தடிமனையும் இரண்டு பின்னுக்கு நடுவே உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்தே வாங்க வேண்டும். பொருந்தாத பின்னுக்கு புஷ் அடித்து ஒட்டுவதை இங்கே சில பட்டறைகளில் செய்கிறார்கள். வாளிக்கு அது தாங்கும். அதிர்ந்துகொண்டே இருக்கும் கட்டருக்குத் தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

கட்டர் எங்கே உதவும்?

இவ்வளவு சொன்னதால் கட்டர் வீண் என்று நினைக்க வேண்டாம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இரு பக்கமும் சவுக்குத் தோப்புகள். அந்தத் தோப்புகளின் வண்டிப்பாதை, ஏரிக்கரைச் சரிவு, ஆற்று வாய்க்கால் கரை, சாலை ஓரம் போன்ற இடங்களில் வேரைப் பிடுங்கினால் கரை பெயர்ந்துவிடும். வேர் மண்ணைப் பிடித்திருக்க, மேலே மட்டும் வருஷம் ஒரு தரம் மொட்டையடித்தால் போதும் என்ற இடங்களில் கட்டருக்கு இணை இல்லை. வண்டி கரைமேல் நின்றபடி கையை நீட்டி சரிவை வெட்டிவிடும். ஆனால், இது பஞ்சாயத்தோ, பாசன சங்கமோ, ஒப்பந்தக்காரரோ செய்ய வேண்டிய வேலை. இரண்டரை ஏக்கர்க்காரர் சொந்தமாகக் கட்டர் வாங்கக் கணக்கு போட வேண்டியதில்லை.

வெட்டும் காலமும் முக்கியம். காய் முற்றித் தொங்கும்போது அரைத்தால் விதையை நாமே தூவியதாகும். காய் வருவதற்கு முன்னால் வெட்டுங்கள். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் விதை பரப்புவது தனிக்கதை.

கட்டர் ஓடும்போது கல், கட்டைத் துண்டு, பழைய கம்பி எல்லாம் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். 100 மீட்டர் சுற்றளவில் ஆளோ, ஆடோ, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளோ இருக்கக் கூடாது. நம் ஊரில் வண்டி வந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள்; விடுமுறை நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள். ஓட்டுநர் கேபினுக்கு முன்னால் கனமான பாலிகார்பனேட் தடுப்போ கம்பி வலையோ இல்லாத வண்டியில் கட்டர் ஓட்ட விடக் கூடாது. நிறுத்திய பிறகும் கத்தி சிறிது நேரம் சுழலும். நின்ற பிறகே கிட்டே போக வேண்டும். மேலே மோட்டார் லைன் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில் சிலர் கேட்டவை

'அரசு வண்டி கிடைக்குமா?' வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர், டிராக்டர், மண் அள்ளும் வண்டிகளைக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் உள்ள இ-வாடகை மூலம் பதிவு செய்யலாம். உபகோட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பது இன்னும் நல்லது. எந்த வண்டி எப்போது காலி என்று அங்கேதான் தெரியும்.

'ஏரியில் இருக்கும் முள்ளை நாங்களே எடுத்துக்கொள்ளலாமா?' கூடாது. உங்கள் பட்டா நிலத்தில் உள்ளது உங்களுடையது. ஏரி, வாய்க்கால், புறம்போக்கில் நிற்பதற்கு நீர்வளத் துறையிலோ ஊராட்சியிலோ அனுமதி வேண்டும். பெரும்பாலும் ஏலம் விட்டே எடுப்பார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும், 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று மாநில அரசு கொள்கை வெளியிட்டதும் உண்மை. அவை யார் வேண்டுமானாலும் வண்டி விடலாம் என்ற அனுமதி அல்ல. மரக்காணம் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கழுவெளி ஏரி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே வனத்துறையைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

'20 டன் வண்டி மணிக்கு வாடகை அதிகம், ஆனால் சீக்கிரம் முடிக்கிறதே?' பத்து ஏக்கர், தொடை தடிமன் மரம், லாரி வரும் பாதை மூன்றும் இருந்தால் அதுதான் லாபம். இரண்டு மூன்று ஏக்கருக்கு அதைக் கொண்டுவரும் டிரெய்லர் வாடகையே கணக்கைக் கெடுத்துவிடும். ஏழு டன் வண்டி சாதாரண லாரியிலேயே வரும். பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நடையில் வண்டியை வரவழைத்தால் ஏற்றிறக்குக் கூலி நாலாகப் பிரியும். மயிலத்து ஆயாவின் வண்டி அடுத்து அவர் கொழுந்தன் கொல்லைக்குத்தான் போவதாக இருந்தது.

'பிடுங்கிய பிறகு திரும்ப முளைக்காதா?' முளைக்கும். மண்ணில் கிடக்கும் விதை பல வருஷம் உயிரோடு இருக்கும். முதல் மழைக்கே பச்சைப் பசேலென்று நாற்றங்கால் மாதிரி வரும். ஒரு சாண் உயரத்துக்குள் ஈரத்தோடு கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். முழங்கால் உயரம் விட்டால் மண்வெட்டி, இடுப்புயரம் விட்டால் மறுபடி வண்டி. தோளில் மாட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்கள் அதில் வெட்டிவிடலாம் என்று நினைப்பார்கள்; அதிலும் வேர் தங்கிவிடும், வரப்பு ஓரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வருஷம் நிலத்தைத் தரிசாக விடாமல் உழுது, களை எடுக்கும் பயிராக மல்லாட்டையோ உளுந்தோ போட்டுக்கொண்டே இருங்கள்.